அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை யார் காசில் கட்டினார்கள்?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “1954இல் ஒரு குடிசையில், முழுக்க முழுக்க ஏழை ஜனங்கள் போட்ட காசில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிக்கப்பட்டது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. இது உண்மையா? உண்மை என்றால், எங்கள் தாலுகாவில் நாங்கள் நூறு பேர் சேர்ந்து பணம் திரட்டி அதே மாதிரி ஒன்று கட்ட முடியாதா?”

பார்வைக்கு இது வரலாற்றுக் கேள்வி. ஆனால் கேட்டவரின் மனசு இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வசூல் பண்ணிய பணத்தில் ஒரு ஆஸ்பத்திரி பிறக்குமா, பிறந்தால் பிழைக்குமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுகளில் மெடிக்கல் பிசிசிஸ்டாக வேலை பார்த்தவன். மெஷினிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். நான் டாக்டர் இல்லை, வரலாற்று ஆய்வாளரும் இல்லை, அடையாறில் வேலை பார்த்ததும் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரையும் போல அந்த இடத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான். மெஷின் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். மற்றதில் எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானவை. கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு, 1952 அக்டோபரில். ஆஸ்பத்திரி திறந்தது 1954 ஜூன் 18. திறந்தபோது 12 படுக்கைகள். இரண்டு டாக்டர்களை வைத்துத்தான் ஆரம்ப வருஷங்கள் ஓடின. நடத்தியது அரசு இல்லை, ஒரு தொழிலதிபரின் அறக்கட்டளையும் இல்லை. இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி என்ற அமைப்பு. அந்தச் சங்கம் 1917இல் அதே அடையாறில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் தொடங்கியது. இன்ஸ்டிட்யூட்டை உண்டாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இதில் எதிலும் சந்தேகமே வேண்டாம்.

குடிசை விஷயத்துக்கு வருகிறேன். பழைய குறிப்புகளில் 12 படுக்கை கொண்ட ‘காட்டேஜ் ஹாஸ்பிடல்’ என்று வரும். இங்கிலாந்தில் ஊர்ப்புறங்களில் பத்துப் பன்னிரண்டு படுக்கையோடு இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அதுதான் பெயர். ஓட்டு வீடாக இருந்தாலும் கல் கட்டிடமாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். அகராதியைப் பார்த்து யாரோ அதைக் குடிசை ஆக்கியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளும் இருந்தன என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை மறுக்க மாட்டேன். அந்தக் காலத்து மெட்ராசில் ஓலைக் கொட்டகை இல்லாத வளாகம் ஏது? ஆனால் பிரதமர் அடிக்கல் நாட்டி, இருபது மாதம் கழித்துத் திறந்த ஒரு கட்டிடத்தைக் குடிசை என்று சொல்வது கொஞ்சம் மிகை. சின்ன இடம், கருவிகள் குறைவு, ஆள் குறைவு. அது உண்மை, அதுவே போதும்.

முத்துலட்சுமி ரெட்டிக்கு ஏன் கேன்சர்? அவர் கையில் வேறு வேலை இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையில் பிறந்து, அங்கே மகாராஜா கல்லூரியில் பையன்களோடு சேர்ந்து படித்த முதல் பெண். 1912இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1926இல் சட்டமன்ற மேலவை நியமனம், அடுத்து அதன் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராடியவர். காந்தி கைதானதும் 1930இல் பதவியை விட்டவர். ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம் அவர் வீட்டிலேயே ஆரம்பமானது. இத்தனைக்கும் நடுவே 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. அதற்கப்புறம் இங்கிலாந்து போனபோது புற்றுநோய்க்கென்றே தனியாக இருந்த மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வந்தார். 1935இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இப்படி ஒன்று இங்கேயும் வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசினார். பேசியது 1935, கதவு திறந்தது 1954. நடுவில் பத்தொன்பது வருஷம். வாட்ஸப் செய்தியில் இந்தப் பத்தொன்பது வருஷம் வராது. ஒரு போர், ஒரு சுதந்திரம், எத்தனையோ மனுக்கள், எத்தனையோ ‘பார்க்கலாம்’கள் அதற்குள் இருக்கின்றன.

இன்னொன்றையும் சரிசெய்ய வேண்டும். அதற்கு முன் தெற்கே கேன்சருக்கு வைத்தியமே கிடையாது என்று சில பதிவுகள் சொல்கின்றன. தப்பு. மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934லேயே வந்துவிட்டது. எக்ஸ்ரே கதிரை வைத்துக் கட்டிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்து வைத்தியம் பார்த்தார். வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஊரில் அவருக்கு நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பம்பாயில் டாடா மெமோரியல் 1941இல் திறந்தாகிவிட்டது. கல்கத்தாவில் சித்தரஞ்சன் கேன்சர் ஆஸ்பத்திரி 1950இல் வந்தது, திறந்துவைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன். ஆக, சூனியத்தில் முளைத்தது இல்லை அடையாறு. மெட்ராசில் இல்லாதது, கேன்சருக்கென்றே தனியாக ஓர் இடம். அறுவை, கதிர், மருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். வந்தவரைத் திருப்பி அனுப்பாமல், போனவரை மறக்காமல் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்க்கும் ஒரு கூட்டம்.

டாடா மெமோரியலை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். அதன் பின்னாலும் ஒரு சாவு உண்டு. தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் ரத்தப் புற்றில் இறந்தார். அந்தக் குடும்பத்தின் டிரஸ்ட் பணம் போட்டது, பெரிய கட்டிடம் எழுந்தது. 1957இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது, 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. அங்கே பணம் முதலில் வந்தது, ஆஸ்பத்திரி பிறகு வந்தது. அடையாறில் தலைகீழ். பன்னிரண்டு படுக்கையோடு கதவைத் திறந்துவிட்டு, அடுத்த மாசச் செலவுக்கு யாரிடம் போவது என்று யோசித்தார்கள். இதில் எது உயர்ந்தது என்று சண்டை போட வேண்டாம். இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு ராத்திரி தூக்கம் குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

சரி, யார் காசு? சங்கத்துப் பெண்கள் திரட்டிய நன்கொடைதான் விதை. அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகும் பொதுமக்கள் நன்கொடை இல்லாமல் அது ஒரு வருஷம்கூட நடந்ததில்லை. ஆனால் ‘முழுக்க முழுக்க’ என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் எதிர்ப்பு இருந்தது. கேன்சர் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற ரீதியில் மேலிடத்திலேயே கேட்டார்கள் என்று, அங்கேயே வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த டாக்டர் சாந்தா பல பேட்டிகளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம், அடிக்கல் நாட்டியவர் பிரதமர். 1975இல் மத்திய அரசு அதை வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது, அதன் பேரில் மானியங்கள் வந்தன. முக்கியமான முதல் பெரிய மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆக ஊர்க்காசு, சர்க்கார் காசு, வெளிநாட்டு உதவி மூன்றும் கலந்ததுதான் அந்தச் சோறு. அதை உலையில் ஏற்றியது ஊர்க்காசு.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல விடுங்கள், இது என் பேட்டை. கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் ஜனங்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். “ஆத்தாவுக்கு முப்பது கரண்ட் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க” என்று அட்டையை நீட்டுவார்கள். உடம்புக்குள் கரண்ட் எதுவும் போவதில்லை என்று ஆரம்பத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். 1950களுக்கு முன் இருந்தது ஆழ எக்ஸ்ரே மெஷின். இருநூறு, இருநூற்றைம்பது கிலோவோல்ட். அதன் கதிர் தோலில்தான் அதிகமாக விழும், உள்ளே போகப் போகக் குறையும். கருப்பை வாயில் இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு உள்ளே சேர்வதற்குள் மேல்தோல் கறுத்து, உரிந்து, புண்ணாகிவிடும். பாதியிலேயே சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும். கதிர் வீசும் உலோகமான கோபால்ட்-60ஐ வைத்து ஓடும் மெஷின் வந்ததும் இது மாறியது. அதன் காமா கதிருக்கு வீரியம் சராசரியாக 1.25 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். உச்ச அளவு தோலில் இல்லை, அதற்கு அரை சென்டிமீட்டர் உள்ளே விழும். தோல் தப்பிக்கும், கட்டிக்குப் போய்ச் சேரும். இந்த அரை சென்டிமீட்டர் பிழைக்கவைத்த ஆட்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

கோபால்ட் மெஷினில் உலகத்தில் முதன்முதலாக நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது கனடாவில், 1951 இலையுதிர்காலத்தில். அதே கனடாவிலிருந்து ‘எல்டொராடோ’ என்ற கோபால்ட் மெஷின் 1950களின் பிற்பாதியில் அடையாறு வந்து சேர்ந்தது, உதவியாக. ஐந்தாறு வருஷ இடைவெளிதான். திறந்து மூன்று நான்கு வருஷம்கூட ஆகாத, விரல்விட்டு எண்ணக்கூடிய படுக்கைகள் கொண்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு உலகத்தின் புத்தம்புது மெஷின் வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆசியாவிலேயே முதல் கோபால்ட் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆசியா என்றால் ஜப்பானும் அதில் சேர்த்தி. அதனால் நான் இந்தியாவுக்கு வந்த முதல் கோபால்ட்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அது ஒன்றும் குறைந்த பெருமை இல்லை.

ஆனால் கோபால்ட் தானமாக வந்தாலும் சும்மா வராது. முதலில் அதற்கு அறை வேண்டும். ஒரு மீட்டருக்கும் மேல் கனமான கான்கிரீட் சுவர், வளைந்து போகும் நடைவழி. சாதாரண வார்டு கட்டும் காசு அந்த ஒரு அறைக்கே போய்விடும். அடுத்தது, கோபால்ட் கரைந்துகொண்டே இருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகக் குறையும் காலம், 5.27 வருஷம். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலு குறையும். நீங்கள் மெஷினை ஓட்டினாலும் குறையும், பூட்டிவைத்துவிட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் குறையும். புதுசாக வந்தபோது ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தால் போதும் என்றால், ஐந்தே கால் வருஷம் கழித்து அதே அளவுக்கு நான்கு நிமிஷம். நாளைக்கு அறுபது பேர் என்று வையுங்கள். முதலில் கதிர் திறந்திருக்கும் நேரம் இரண்டு மணி, பிற்பாடு நான்கு மணி. ஒவ்வொருவரையும் படுக்கவைத்துக் குறிபார்க்கும் நேரம் தனி. வரிசை வாசலைத் தாண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழட்டு கோபால்ட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் பழைய நேர அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிட்டு, எல்லோருக்கும் சில வினாடிகள் கூட்டிப் புதிசு எழுத வேண்டும். ஆறு மணிக்கு முடிய வேண்டியது எட்டரை ஆகும். கடைசியில் உறைக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கோபால்ட் வில்லையையே மாற்ற வேண்டும், அதற்கு ஒரு பெரிய தொகை. கட்டிடத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் போடலாம். இரண்டாவது, மூன்றாவது கோபால்ட் வில்லைக்கு யார் கல்வெட்டு கேட்டு வருவார்? வசூலில் பிறக்கும் எந்த ஆஸ்பத்திரியும் மாட்டிக்கொள்கிற இடம் இது.

அடையாறு ஏன் மாட்டிக்கொள்ளவில்லை? என் அபிப்பிராயம் இது, எதிர்க்கருத்து இருந்தால் சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த மிகப் பெரிய நன்கொடை, ரசீதுப் புத்தகத்தில் ஏறாதது. டாக்டர்களின் சம்பளம். முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அமெரிக்காவில் பயிற்சி முடித்துவந்தவர். வெளியே பிராக்டிஸ் போட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பார். டாக்டர் சாந்தா மயிலாப்பூர்ப் பெண், சி.வி. ராமன் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசுத் தேர்வு எழுதித் தேர்வாகி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு 1955இல் இங்கே வந்தார். முதல் சில வருஷம் சம்பளமே இல்லாமல், பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும். 2021 ஜனவரி 19 அன்று, 93 வயதில் காலமாகும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. நடுவில் மகசேசே, பத்ம விபூஷண் எல்லாம் வந்தன, வீடு மாறவில்லை. இவர்களைப் போல இன்னும் பலர், பெயர் வெளியே தெரியாத நர்சுகளும் டெக்னீஷியன்களும், சந்தையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு அறுபது வருஷம் உழைத்த வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள். எந்தச் செட்டியாரும் எந்த ஜமீனும் அவ்வளவு கொடுத்திருக்க முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லாமல் போனால் நியாயமாகாது. ஒன்றிரண்டு பேரின் தியாகத்தில் ஓடும் ஆஸ்பத்திரியில், அந்தத் தியாகத்தையே எல்லோரிடமும் எதிர்பார்க்கும் பழக்கம் வந்துவிடும். எங்கள் தலைமுறையில் பிள்ளை குட்டியோடு, வீட்டுக் கடனோடு இருந்தவர்கள் தர்ம ஆஸ்பத்திரிகளில் ஐந்து வருஷம் கற்றுக்கொண்டுவிட்டு கார்ப்பரேட் பக்கம் நகர்ந்தார்கள். நானும் ஒரு தடவை நகர்ந்தவன்தான், திரும்பிவந்தது வேறு கதை. அவர்களைத் துரோகி மாதிரிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 1954இல் 12 ஆக இருந்த படுக்கைகள் நானூறைத் தாண்டி வளர்ந்தன. காந்தி நகர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் இருந்த பழைய வளாகத்தோடு சர்தார் படேல் சாலையிலும் ஒன்று சேர்ந்தது. 1960இல் குழந்தைகளுக்கென்று தனி கேன்சர் வார்டு. வாய்ப்புற்றில் கதிரோடு சேர்த்து மருந்தும் கொடுத்தால் என்ன ஆகிறது என்று கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் செய்த ஆராய்ச்சிகள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. என் கண்ணுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, 1980களின் தொடக்கத்தில் அவர்கள் பொறுப்பில் தொடங்கிய சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு. எந்த ஆஸ்பத்திரியில் யாருக்குக் கேன்சர் என்று கண்டுபிடித்தாலும், ஆட்கள் போய்ப் பதிந்துகொண்டு வருவார்கள். இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். கொட்டாவி வரவைக்கும் வேலை, போட்டோவுக்கு ஆகாது, யாரும் இதற்கு நன்கொடை தர மாட்டார்கள். ஆனால் ஆரம்பத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று, 2000களில் அதை மார்பகப் புற்று முந்திவிட்டது என்று நமக்குத் தெரிந்தது இந்த நோட்டுப் புத்தகங்களால்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் இது தெரியாது. ஊரையே எண்ண வேண்டும்.

தர்மத்தில் ஆஸ்பத்திரி என்பது மெட்ராசுக்குப் புதிதும் இல்லை. வடசென்னைப் பெரியவர்கள் ஸ்டான்லியை இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி 1782இல் பஞ்சம் வந்தபோது அங்கே கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்றைத் திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பெயர், வெள்ளைக்காரன் வாயில் அது ‘மொனிகர்’ ஆனது. ஊர் மணியக்காரர் மேற்பார்த்ததால் அந்தப் பெயர் என்பார்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. பசியோடு வந்தவர்களில் பாதிப் பேர் நோயோடும் வந்ததால் பக்கத்திலேயே 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி டாக்டர் ஒரு வைத்தியசாலை போட்டார். கஞ்சி முதலில், மருந்து பிறகு. பிற்பாடு அது அரசு ஆஸ்பத்திரியாகி, மருத்துவக் கல்லூரியாகி, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வாங்கிக்கொண்டது. பக்கத்தில் ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் காரணமான ராஜா சர் ராமசாமி முதலியார் பெயர், ஆர்.எஸ்.ஆர்.எம். என்ற நாலு எழுத்தில் சுருங்கி ஆட்டோக்காரர்கள் வாயில் வாழ்கிறது. தனியார் தர்மத்தில் தொடங்கியவை பலவும் ஒரு கட்டத்தில் அரசு கைக்குப் போய்விட்டன. போனதில் தப்பில்லை, அதனால்தான் இன்றும் திறந்திருக்கின்றன. அரசு உதவியை வாங்கிக்கொண்டே நிர்வாகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டவை கொஞ்சம்தான். அடையாறு அதில் ஒன்று.

இப்போது உங்கள் தாலுகா. நூறு பேர் சேர்ந்து கேன்சர் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா? கட்டிடம் கட்டலாம். கதிர்வீச்சு மெஷின் வைக்க வேண்டுமானால் அறையின் வரைபடத்திலிருந்தே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். தகுதியுள்ள டாக்டர், பிசிசிஸ்ட், டெக்னாலஜிஸ்ட் மூன்று தரப்பும் சம்பளப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இந்த மூன்றில் ஒருவர் ராஜினாமா செய்தால் மெஷின் நிற்கும். 1954இல் இந்த விதிகள் இல்லை. விதிகள் நல்லதற்குத்தான், நானே அவற்றை அமல்படுத்திய ஆள். ஆனால் அந்தக் காலத்து மாதிரி முதலில் கதவைத் திறப்போம், பிறகு பார்ப்போம் என்பது இந்தத் தொழிலில் இனி நடக்காது. பத்து வருஷ நடப்புச் செலவுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாமல் அடிக்கல் நாட்டாதீர்கள்.

உங்கள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்ற இதை எழுதவில்லை. ஊர்க்காசு உடனே வேலை செய்யும் இடம் வேறொன்று இருக்கிறது. கரண்ட் வைப்பது ஒருநாள் வேலை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம், மொத்தம் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்காக உங்கள் ஊர்க்காரர் ஒன்றரை மாதம் நகரத்தில் இருக்க வேண்டும். துணைக்கு ஒருவர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் வந்துவிடும், ரயிலில் நோயாளிக்கும் துணையாளுக்கும் சலுகை உண்டு. தங்கும் வாடகையும் சாப்பாடும் விட்டுப்போன கூலியும் எந்தத் திட்டத்திலும் வராது. பத்துப் பதினைந்து நாளில் வலி கொஞ்சம் குறைந்ததும் “அறுப்பு வந்துருச்சு, போயிட்டு வந்துடறோம்” என்று போவார்கள். பலர் திரும்ப மாட்டார்கள். நடுவில் விட்ட சிகிச்சை, ஆரம்பிக்காத சிகிச்சையைவிடச் சில சமயம் மோசம். ஏனென்றால் மீதியிருக்கும் கட்டி மறுபடி வளர ஆரம்பித்துவிடும், முதலில் கொடுத்த கதிரை உடம்பிலிருந்து திருப்பி எடுக்கவும் முடியாது, இரண்டாவது முறை முழு அளவு கொடுக்கவும் முடியாது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நாலைந்து மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி பண்ணியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்து, தங்கள் ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கென்று வைத்திருந்தார்கள். ஊரில் இருந்த மளிகைக்கடைக்காரர்கள் மாதா மாதம் அரிசி, பருப்பு அனுப்புவார்கள், பஸ் மேல் கூரையில் வரும். சமைப்பது துணைக்கு வந்தவர்கள் முறைவைத்து. ஒரு நாள் ஒரு பாட்டியின் அட்டவணையில் ஒரு சந்தேகம் கேட்க அங்கே போனேன். சுவரில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர், ஊர், வந்த தேதி, டாக்டர் சொன்ன கரண்ட் எத்தனை, வைத்தது எத்தனை, ஊருக்குப் போன தேதி. ஆறு கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. புரட்டிப் பார்த்தேன். நாலாவது கட்டத்தில் இருந்த எண்ணும் ஐந்தாவது கட்டத்தில் இருந்த எண்ணும் அநேகமாக எல்லா வரியிலும் ஒன்றாகவே இருந்தன. ஒரே ஒரு வரியில் மட்டும் முப்பதுக்கு இருபத்திரண்டு. பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்கள்: ‘மகளுக்குப் பிரசவம். மாணிக்கம் பஸ்ஸில் போய்க் கூட்டிவரப் போயிருக்கிறார்.’